டிசம்பர் 24-க்கு முன்னால் போய்விடுங்கள்!

ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் அழகைப் பார்க்க ஆசையா? அப்படியென்றால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் அங்கே போய் இறங்காதீர்கள். டிசம்பர் 25-ஆம் தேதி ஜெர்மனியில் கடையெல்லாம் பூட்டு. 26-ஆம் தேதியும் விடுமுறை. 24 மத்தியானமே சந்தைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அன்று சாயங்காலம் அவரவர் வீடு, அவரவர் குடும்பம். வெளியூர்க்காரருக்குத் தெருவில் வேலையே இல்லை. கூத்தும் கும்மாளமும் அதற்கு முந்தைய நாலு வாரத்தில்தான். நம் ஊர் கிறிஸ்தவர்கள் திருவருகைக் காலம் என்பார்களே, அந்த நாட்களில்! மாதா கோயில் வாசலிலும் நகரமன்றத்தின் முன்னாலும் மரத்தால் கடை கட்டி, விளக்குப் போட்டு, பட்டையும் கிராம்பும் கொதிக்கிற வாசனையில் ஊரே கிறங்கிக் கிடக்கும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து கண்ணில் படுகிறவர்களையெல்லாம் "போங்க, போயிட்டு வாங்க" என்று விரட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

எங்கள் தேதியை முடிவு செய்தது மியூசிக் அகாடமி. கூட வந்த என் அக்கா கச்சேரிப் பைத்தியம். டிசம்பர் 15 தொட்டு ஜனவரி பிறக்கும்வரை அவளைச் சென்னையை விட்டு நகர்த்த முடியாது. "சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள என்னைக் கொண்டுவந்து சேர்த்துடணும், ஆமா சொல்லிட்டேன்" என்றாள். இதைவிட நல்ல நிபந்தனையை யாரும் போட்டிருக்க முடியாது! நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் இரண்டாவது வாரத்தோடு முடித்துக்கொள்வதுதான் உத்தமம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிடுவார்கள். அறை வாடகை எகிறும், ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது. வாரத்துக்குள்ளும் கணக்கு உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை சந்தை உங்களுடையது. வெள்ளி மாலையானால் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆகவே சனி, ஞாயிறில் மியூசியம், பாட்டு, ரயில் பயணம் என்று ஒதுங்கிவிட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு மட்டும் இந்த விதியை மீறலாம். அவற்றைச் சொல்கிறேன்.

ஊர்களைக் குறையுங்கள், அதுவும் முக்கியம். ஒரு வாரத்தில் எட்டு ஊர் காட்டுகிற பேக்கேஜ்காரர்களிடம் சிக்கினால் சந்தையைப் பகல் இரண்டு மணிக்குப் பார்ப்பீர்கள். பகல் இரண்டு மணிச் சந்தை வெறும் கடைத்தெரு! டிசம்பரில் அங்கே நாலு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற பொழுது. ஒரு ஊருக்குக் குறைந்தது மூன்று சாயங்காலமாவது வேண்டும். நாங்கள் பிடித்த பாதை நியூரம்பெர்க், டிரெஸ்டன், பிராக், வியன்னா. எல்லாம் ரயிலில். விமான டிக்கெட்டை ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி வியன்னாவில் ஏறுகிற மாதிரி போட்டுவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகிற அலைச்சல் இல்லை. சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. விமான நிலையத்திலேயே ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் நியூரம்பெர்க்.

விதியை மீறச் சொன்ன முதல் கூட்டம் அங்கேதான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. விளக்குகள் அணைகின்றன. மாதா கோயிலின் மாடத்தில் பொன்னிற முடியும் கிரீடமுமாக ஒரு பெண் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, சந்தையைத் திறந்து வைக்கும் பாட்டைச் சொல்கிறாள். மொழி ஒரு எழுத்துப் புரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது! இவள்தான் க்ரிஸ்ட்கிண்ட். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 16 முதல் 19 வயதுக்குள் இருக்க வேண்டும், 160 சென்டிமீட்டராவது உயரம் வேண்டும், உயரத்தில் நின்றால் தலை சுற்றக் கூடாது. அந்த மாடத்து விளிம்பைப் பார்த்தால் கடைசி நிபந்தனையின் நியாயம் புரியும். "நாம ரெண்டு பேரும் மூணுலயும் ஃபெயில்டீ" என்றாள் அக்கா. 2019-இல் தேர்வான பெண்ணின் தந்தை இந்தியர். அதைப் பொறுக்காமல் ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்க் கிளை இணையத்தில் கேவலமாக எழுத, ஊரே அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணிக்கூரையுடன் சுமார் 180 கடைகள். சந்தையைப் பற்றிய மிகப் பழைய தடயம், 1628 என்று வருஷம் குறித்த ஒரு மரப்பெட்டி. பூப்போட்ட சின்னப் பெட்டி, இந்தச் சந்தையிலிருந்து இன்னாருக்கு இன்னார் அனுப்பிய பரிசு என்று எழுதியிருக்கிறது. அந்த ஊரின் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1945 ஜனவரி 2-ஆம் தேதி குண்டுவீச்சில் இந்தப் பழைய நகரம் தரைமட்டமானது. போரில் நின்றுபோன சந்தையை 1948-இல், இடிபாடுகளுக்கு நடுவிலேயே மறுபடி கூட்டியிருக்கிறார்கள். இடிந்த ஊரில் எதைத் திறந்தார்கள் பாருங்கள்!

என்ன வாங்குவது என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் பொம்மை எந்த ஊரிலும் கிடைக்கும், விடுங்கள். இங்கே உலர்ந்த பிளம் பழத்தில் மனுஷன் செய்கிறார்கள். கம்பியில் பழங்களைக் கோத்துக் கையும் காலும். தலைக்கு ஒரு வால்நட், அதில் கண், மூக்கு, மீசை. ஒருவர் கையில் விறகுக்கட்டு, இன்னொருவர் தபால்காரர், ஒரு ஜோடி கல்யாணக் கோலத்தில். வீட்டில் ஒரு பிளம் மனுஷன் இருந்தால் காசுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் குறைவிருக்காதாம். அக்கா தபால்காரரை வாங்கினாள். எறும்பு வருமா என்று கடைக்காரம்மாவிடம் கையாலேயே கேட்டாள் பாருங்கள், அந்த அபிநயத்துக்கே அவளுக்குக் காசைக் குறைத்திருக்கலாம்.

அப்புறம் லெப்குஹென் என்கிற மசாலாக் கேக். எலீஸன் என்று பேர் போட்டதைத்தான் வாங்க வேண்டும். பாதாம், ஹேசல், வால்நட் வகையறா கால் பங்காவது இருந்தாக வேண்டும். மாவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. கையில் எடுத்தால் கனக்கிறது. அடியில் காகிதம் போன்ற மெல்லிய அப்பம் ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்தே சாப்பிட வேண்டும். ஒரு கடி கடித்தால் முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு கிராம்பு, கடைசியில் ஏலக்காய். எல்லாம் நம் பக்கத்துச் சரக்கு! மலபார் மிளகும் இலங்கைப் பட்டையும் வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்து சேர்ந்த வியாபாரச் சந்திப்பு இந்த ஊர். தேனுக்கு ஊரைச் சுற்றிலும் பேரரசரின் காடு. இரண்டும் கூடிய இடத்தில் இப்படி ஒரு பண்டம் பிறக்காமல் வேறென்ன பிறக்கும்?

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் ஓடி வந்து மாதா கோயில் கடிகாரத்தைப் பாருங்கள். 1509-இல் செய்த பொறி; ஏழு இளவரசர்கள் வெளியே வந்து பேரரசரைச் சுற்றி வருவார்கள். டிசம்பர் நடுவாக்கில் ஒரு வியாழக்கிழமை மாலை பள்ளிக்குழந்தைகள் தாங்களே செய்த காகித விளக்குகளைப் பிடித்துக்கொண்டு கோட்டை மலைக்கு ஊர்வலம் போகிறார்கள். தேதியை நகரத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு அதற்காகவே ஒரு நாள் கூடத் தங்கலாம், தப்பில்லை. அறை வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் பக்கத்து ஊரான ஃபூர்த்தில் தங்குங்கள், மெட்ரோவில் கால் மணி நேரம். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835-இல் ஓடியதே இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான்.

டிரெஸ்டனுக்குப் போகிற வழியில் லைப்சிக்கில் வண்டி மாற வேண்டும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மாறுங்கள். இசைமேதை பாக் வேலை பார்த்த புனித தாமஸ் ஆலயத்தில் மாலை ஆறு மணிக்குச் சிறுவர் குழு பாடுகிறது. நுழைய சில யூரோ போதும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து இருக்கைப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

டிரெஸ்டன்! எனக்கு ஒரே ஒரு ஊர்தான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன். இங்கே சந்தை 1434-இல் தொடங்கியது. ஷ்ட்ரீட்செல்மார்க்ட் என்று பேர். ஸ்டோலன் என்கிற ரொட்டிதான் இதன் ராஜா. உலர்திராட்சை, பாதாம், ஆரஞ்சுத் தோல், கை கூசாமல் வெண்ணெய், மேலே பொடித்த சர்க்கரை. துணியில் சுற்றிய குழந்தை ஏசுவின் வடிவம் என்பார்கள். அந்த வெண்ணெய் லேசில் வந்துவிடவில்லை. திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம், வெண்ணெய் கூடாது. மாவையும் தண்ணீரையும் எண்ணெயையும் வைத்துச் சுட்டு, வாயில் வைக்க விளங்காத ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். சாக்ஸனி இளவரசர்கள் ரோமுக்கு எழுதிக் கேட்டார்கள். 1491-இல் போப் எட்டாம் இன்னொசென்ட் அனுமதிக் கடிதம் கொடுத்தார், அதற்கு ஒரு தொகையும் கட்டச் சொல்லி! வெண்ணெய்க் கடிதம் என்று இன்றும் சொல்கிறார்கள். நான் விதியை மீறச் சொன்ன இரண்டாவது கூட்டம் இந்த ரொட்டிக்குத்தான். திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, டன் கணக்கில் எடையுள்ள ஒரே ஸ்டோலனைக் குதிரை வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுவந்து, ஆள் உயரக் கத்தியால் வெட்டி விற்கிறார்கள். வரிசையில் நின்று ஒரு துண்டு வாங்கினோம். சர்க்கரை கோட்டெல்லாம் கொட்டியது. யார் கவலைப்பட்டது?

நடுச் சதுக்கத்தில் 14 மீட்டருக்கும் உயரமான மரக்கோபுரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டுக் கொலுப்படியை வட்டமாக அடுக்கி, அச்சு கொடுத்துச் சுழலவிட்டால் எப்படி இருக்கும், அப்படி! தட்டுக்குத் தட்டு மேய்ப்பர்கள், சுரங்கத் தொழிலாளிகள், தேவதூதர்கள். வீட்டில் வைக்கிற சின்னக் கோபுரத்துக்கு மோட்டாரே இல்லை. கீழே மெழுகுவத்தியை ஏற்றினால் எழுகிற சூட்டில் மேலே இருக்கும் இறக்கைகள் சுழல்கின்றன. இதெல்லாம் பக்கத்து எர்ட்ஸ் மலைத்தொடரின் கைவேலை. சுரங்கத்தில் வெள்ளீயமும் வெள்ளியும் வற்றியபோது அந்த ஜனங்கள் மரத்துக்கு மாறினார்கள். ஒரு கடையில் வளையம் ஒன்றைக் காட்டினார்கள். ஊசியிலை மரத்தின் ஈரக்கட்டையைக் கடைசலில் சுழலவிட்டு உளியால் மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய மர வளையம். பார்த்தால் ஒன்றும் விளங்காது. கத்தியை வைத்து கேக் வெட்டுவதுபோல் ஒரு துண்டு பிளந்தார் கடைக்காரர்: குதிரை! அடுத்த துண்டும் குதிரை. வளையம் முழுக்க ஒரு மந்தையே ஒளிந்திருக்கிறது. கடையும்போது உள்ளே இருக்கும் குதிரை கடைகிறவர் கண்ணுக்கும் தெரியாது. கை மட்டும்தான் அறியும். நான் அங்கிருந்து நகர மறுத்துவிட்டேன்.

இதே ஊரில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. ஒரு கடையில் புல்ஸ்னிட்ஸ் என்று ஊர்ப்பேர் போட்டு மிளகுக் கேக் விற்றார்கள். எங்கேயோ படித்த பேராயிற்றே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பொறி தட்டியது: சீகன்பால்கு பிறந்த ஊர்! 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினாரே, அதே பார்த்தலோமேயு சீகன்பால்கு. மறுநாளே ரயில் ஏறிவிட்டோம். டிரெஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. சின்னஞ்சிறு ஊர். 1558-இல் ரொட்டிக்காரர்களுக்கு உரிமை கொடுத்ததிலிருந்து அங்கே மிளகுக் கேக் சுடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகச் செய்கிற தொழில். மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம்தான் மசாலா சேர்க்கிறார்கள். உள்ளே ஜாம் வைத்து மேலே சாக்லேட் பூசிய முக்கோணத் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கினோம். மிளகு விளைகிற திசைக்குப் புறப்பட்டுப் போன மனிதர், சிறு வயதில் இந்தத் தெருக்களில்தான் நடந்திருக்கிறார்! ஊரெல்லாம் தொங்குகிற கூர்கூரான காகித நட்சத்திரத்தைச் செய்யும் ஹெர்ன்ஹூட் சபையாரும் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியவர்கள்தான். எந்தச் சுற்றுலாப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

சாப்பாடு. சைவமா என்று பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்கைத் துருவி மொறுமொறுவென்று பொரித்து ஆப்பிள் மசியலோடு தருகிறார்கள். பன்றிக் கொழுப்பில் பொரித்ததா, தாவர எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டி, சீஸில் புரட்டிய ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸ், சுட்ட செஸ்ட்நட், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம். அசைவர்களுக்கு நியூரம்பெர்க்கில் விரல் நீளத் தொத்திறைச்சி, ஒரு பன்னுக்குள் மூன்று. குடிக்க க்ளூவைன் என்னும் சூடான மசாலா ஒயின். மது தொடாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கிண்டர்புன்ஷ் என்ற பழச்சாறு இருக்கிறது, அதிலும் அதே பட்டை, கிராம்பு வாசனை. அக்கா அதையே குடித்துக்கொண்டு என்னைவிட உற்சாகமாக இருந்தாள். கோப்பைக்குத் தனியாக மூன்று, நாலு யூரோ முன்பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு, கொடுக்காவிட்டால் கோப்பை நமக்கு. ஊருக்கு ஊர் படம் வேறு. பெட்டியில் அதற்கென்று இடம் விட்டு வையுங்கள், வேறு வழியே இல்லை!

டிரெஸ்டனிலிருந்து பிராக் போகிற ரயிலில் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே ஆறு கூடவே வரும், அக்கரையில் பாறைக்குன்றுகள். பிராக்கில் பழைய நகரச் சதுக்கம் கொள்ளை அழகு, 1410-இல் பிறந்த வானியல் கடிகாரம் உட்பட. ஆனால் சந்தைச் சாப்பாடு கொள்ளை விலை. எடை போட்டு விற்கிற பண்டத்துக்கு விலைப்பலகையில் இருப்பது நூறு கிராமுக்கான விலை என்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்துவிட்டு வயிற்றை வேறு தெருவுக்குக் கூட்டிப் போங்கள்.

வியன்னாவில் எல்லோரும் நகரமன்றத்துச் சந்தைக்குத்தான் ஓடுகிறார்கள். பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தது ஷ்பிட்டல்பெர்க். கைநீட்டினால் இரண்டு பக்கமும் சுவர் தொடுமோ என்கிற சந்துகளுக்குள் கடைகள். சாமான்களும் தரம். பனி கொட்டுகிற கண்ணாடி உருண்டை இருக்கிறதே, அது 1900 வாக்கில் பிறந்ததும் இந்த ஊரில்தான். எர்வின் பெர்ட்ஸி என்பவர் அறுவைசிகிச்சை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டப் பார்த்து, அது கைகூடாமல், உலகத்துக்கு இந்த விளையாட்டுச் சாமானைக் கொடுத்துவிட்டார். ஹெர்னால்ஸ் பகுதியில் அவருடைய வாரிசுகள் இன்னும் செய்கிறார்கள்; சின்ன அருங்காட்சியகமும் உண்டு. நிஜப் பனி கிடைக்குமா என்பது உங்கள் ராசி. டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலும் மேகமூட்டமும் தூறலும்தான், பூஜ்யத்திலிருந்து ஐந்து டிகிரி வரை.

குளிருக்கு ஒரு பெரிய கோட்டை நம்பாதீர்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு என்று அடுக்குங்கள். உண்மையான எதிரி காலுக்குக் கீழே. கருங்கல் பாவிய தரையில் இரண்டு மணி நேரம் நின்றால் குளிர் உள்ளங்கால் வழியாக ஏறுகிறது. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வாங்காத கடைகள் நிறைய, கழிப்பறைக்கும் காசு. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் மளிகைக்கடை திறக்காது, பெரிய ரயில் நிலையங்களுக்குள் மட்டும் கிடைக்கும்.

ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் கேளுங்கள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். நேர்காணல் தேதிதான் கிடைக்காமல் இழுத்தடிக்கும், ஆகவே கோடையிலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். நான் அடுத்த பயணத்துக்குப் பிரான்ஸ் விசா கேட்கப் போகிறேன். ஸ்ட்ராஸ்பூர்கில் 1570 முதல் சந்தை. பேராலயத்தின் காலடியில் கடை போடுகிறார்கள். அங்கிருந்து கோல்மார் ரயிலில் அரை மணி நேரம். வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாயிற்று. வீட்டில் இரண்டு வாரமாக யாரும் அதில் சாப்பிடவில்லை!